பெய்ரூட்டின் மாணவர் வைத்தியர்: அவெடிஸ் டொனபேடியன் விட்டுச்சென்ற மூன்று கேள்விகள்

1950களின் முற்பகுதியில் லெபனானின் தலைநகர் பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்கான சுகாதார சேவைக்கு முப்பது வயதைச் சற்றே தாண்டிய ஒரு வைத்தியர் பொறுப்பாக இருந்தார். பல்கலைக்கழக வைத்தியர் பதவியை எந்த நாட்டிலும் யாரும் பெரிய பதவியாக எண்ணுவதில்லை. காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், பரீட்சைக் காலத்துத் தலையிடி என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பும் வேலை அது. பேர் வாங்க விரும்புகிற வைத்தியர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போய்விடுவார்கள்.

அந்த வைத்தியரின் பெயர் அவெடிஸ் டொனபேடியன். பின்னாளில் உலகின் எந்த மூலையிலும் ஒரு வைத்தியசாலையின் தரத்தை மதிப்பிட முனைபவர்கள் அவர் வகுத்த வழியிலேயே நடக்க வேண்டியதாயிற்று. சுகாதாரத் துறையில் படித்தவர்களுக்கு அவர் பெயர் மூன்று சொற்களாக அறிமுகமாகியிருக்கும்: கட்டமைப்பு, செயன்முறை, விளைவு. எனக்கும் அவர் முதலில் அப்படித்தான் அறிமுகமானார். அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிறகு தேடி வாசித்தபோதுதான், இவருடைய கதை எங்கள் கதைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றியது. இனப்படுகொலைக்குத் தப்பிய குடும்பம், சொந்தமில்லாத ஊரில் வளர்ந்த பிள்ளை, படித்து முடித்து வேலை தொடங்கிய இடத்தில் மூண்ட போர், மறுபடியும் இடப்பெயர்வு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றிப் பேச இவரை விடப் பொருத்தமான ஒருவரை நான் அறியேன்.

தப்பி வந்தவர்களின் பிள்ளை

1915இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் மீது நடத்தப்பட்ட இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் டொனபேடியனின் பெற்றோர். அவர் 1919 ஜனவரி 7ஆம் திகதி பெய்ரூட்டில் பிறந்தார். நகரத்தை விட்டு ஒட்டோமான் படைகள் வெளியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஆர்மேனிய மொழியில் அவெடிஸ் என்றால் நற்செய்தி என்று பொருள். அவ்வளவு சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

குடும்பம் பின்னர் பலஸ்தீனத்தில், ஜெருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரமல்லாவில் குடியேறியது. அப்போது அது பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்ட சிறிய ஊர். அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் அரபு பேசும் கிறிஸ்தவர்கள். தந்தை அங்கே வைத்தியராகத் தொழில் பார்த்தார். ஊர் வைத்தியர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, வைத்தியம் என்பது மருந்து மட்டுமல்ல என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நோயாளி யார், அவர் வீட்டில் என்ன நடக்கிறது, காசு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஊர் வைத்தியர் நாடி பிடிப்பார்.

குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சபையினர் ரமல்லாவில் நடத்திய பாடசாலையில் அவெடிஸ் படித்தார். அங்கிருந்து உயர்கல்விக்காகப் பிறந்த ஊரான பெய்ரூட்டுக்குப் போனார். அவர் சேர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1866இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடக்கியவர்கள், எங்கள் வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பாடசாலையும் வைத்தியசாலையும் அமைத்த அதே அமெரிக்க மிஷன் சபையிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்த காலமும் பெய்ரூட்டில் அந்தக் கல்லூரி உருவான காலமும் ஏறக்குறைய ஒன்றே. டொனபேடியன் அங்கே 1940இல் இளமாணிப் பட்டமும் 1944இல் வைத்தியப் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்றதும் ஜெருசலேமிலிருந்த ஆங்கில மிஷன் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1945இல் டொரொதியைத் திருமணம் செய்தார். வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்ததுபோல இருந்திருக்கும். 1947இன் இறுதியில் பலஸ்தீனத்தில் சண்டை மூண்டது. 1948இல் அது முழுப் போராகி, ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்து வெளியேறினர். ஜெருசலேம் இரண்டாகப் பிளந்தது. டொனபேடியன் பெய்ரூட்டுக்குத் திரும்பினார். பெற்றோர் ஒருமுறை ஓடியதைப்போல மகனும் ஒருமுறை.

மாணவர்களின் வைத்தியர்

பெய்ரூட்டில் அவருக்குத் தான் படித்த பல்கலைக்கழகமே வேலை கொடுத்தது. முதலில் உடற்றொழிலியல் கற்பித்தார். தோல் நோய்ப் பிரிவிலும் பணியாற்றினார். அதன் பிறகு பல்கலைக்கழகத்தின் வைத்தியராகவும் மாணவர் சுகாதார சேவையின் பணிப்பாளராகவும் ஆனார். லெபனானுக்கு அப்போது ஒரு இலட்சம் அளவில் பலஸ்தீன அகதிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடையேயும் ஊரை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்த வைத்தியரும் அதே பாதையால் வந்தவர்தான்.

மாணவர் சுகாதார சேவைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சாதாரண வைத்தியசாலைக்கு யார் வருகிறார்களோ அவர்களைத்தான் அது அறியும். வராதவர்கள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. பல்கலைக்கழகத்திலோ எல்லா மாணவர்களின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. ஆயிரம் பேர் படித்தால் அந்த ஆயிரம் பேருக்கும் அந்த ஓர் அறை பொறுப்பு. வந்த இருநூறு பேரைக் கவனித்தோம் என்று சொல்லி நிறுத்த முடியாது. மற்ற எண்ணூறு பேரும் சுகமாக இருக்கிறார்களா, அல்லது சுகமில்லாமலும் வராமல் இருக்கிறார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. மாணவர்கள் இளம் வயதினர். பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும், சில வேளை ஒன்றும் கொடுக்காவிட்டாலும், சுகமாகிவிடுவார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் சுகமாகிப் போனார்கள் என்பதை வைத்து அங்கே நல்ல வைத்தியம் நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இறப்பு எண்ணிக்கை குறைவு என்பதும் எதையும் காட்டாது. தரத்தை வேறு வழியில்தான் தேட வேண்டும். டொனபேடியனின் பிற்காலச் சிந்தனைக்கு அந்த அறையில்தான் விதை விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பின்னாளில் அவர் உலகத்தின் முன் வைத்த சிக்கல்கள் எல்லாம் ஒரு மாணவர் சுகாதார நிலையத்தில் நாளாந்தம் எதிர்ப்படுகிறவை என்பதை அங்கு நின்று பார்த்த எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

அவருக்கு முன்னே போனவர்கள்

பல்கலைக்கழக மாணவர்களை அளக்கும் வழக்கம் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் அம்ஹேர்ஸ்ற் கல்லூரியில் மாணவர்கள் படிப்பின் நடுவே நோயில் விழுவதைக் கண்டு கவலைப்பட்ட நிர்வாகம், 1861இல் எட்வேர்ட் ஹிச்கொக் என்ற வைத்தியரைச் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்குமான பேராசிரியராக நியமித்தது. 1911இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். ஐம்பது ஆண்டுகளாக மாணவர்களின் உயரம், நிறை, மார்பளவு என்று ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தார். அது மகத்தான வேலைதான். ஆனால் அவர் அளந்தது மாணவர்களை. சேவையை அல்ல.

சேவையை அளக்க முயன்றவர் பொஸ்டன் நகர அறுவைச் சிகிச்சை நிபுணர் ஏர்னெஸ்ற் கொட்மன். சத்திர சிகிச்சை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓர் ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்து, சுகமானாரா, இல்லையென்றால் ஏன் என்று எழுதி வெளியிட வேண்டும் என்றார். சக வைத்தியர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1914இல் அவர் தன் வைத்தியசாலைப் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. அளக்கப்படுவதை யாரும் விரும்புவதில்லை என்ற பாடத்தை அவர் தன் வாழ்க்கையைக் கொடுத்துக் கற்றார்.

1955இல், கொட்மனின் அதே பொஸ்டனில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டத்தை டொனபேடியன் பெற்றார். நோயாளியைப் பார்க்கும் வேலையிலிருந்து, நோயாளியைப் பார்க்கும் அமைப்பை ஆராயும் வேலைக்கு மாறினார். பொஸ்டனில் வைத்திய சேவைகளை மதிப்பிடும் ஆய்வுப் பணியில் இருந்தார். பிறகு நியூயோர்க்கில் ஒரு வைத்தியக் கல்லூரியில் கற்பித்தார். 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பாடசாலைக்குப் போய், 1989இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். இரண்டு தலைமுறை ஓட்டத்துக்குப் பிறகு, ஆன் ஆர்பர் என்ற அமைதியான பல்கலைக்கழக நகரத்தில் அந்தக் குடும்பம் வேரூன்றியது.

1966ஆம் ஆண்டுக் கட்டுரை

அமெரிக்காவில் முதியவர்களுக்கும் வறியவர்களுக்கும் அரசே வைத்தியச் செலவை ஏற்கும் சட்டம் 1965இல் நிறைவேறியது. அரசின் பணம் பெருவாரியாகப் போகப்போகிறது என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது? அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை ஆய்வாளர்களிடம் கட்டுரைகள் கேட்டது. தரத்தை மதிப்பிடுவது பற்றி எழுதும் பொறுப்பு டொனபேடியனுக்கு வந்தது. 1966இல் மில்பேங்க் நிதியத்தின் காலாண்டிதழில் வெளியான அந்தக் கட்டுரை ஏறத்தாழ நாற்பது பக்கம். புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. அதுவரை மற்றவர்கள் செய்தவற்றையெல்லாம் வாசித்து, பிரித்து, ஒழுங்குபடுத்தியிருந்தார். ஆனால் அந்த ஒழுங்குதான் இல்லாமல் இருந்தது. இன்றுவரை சுகாதார சேவை ஆய்வில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அவர் சொன்னதை எங்கள் பிள்ளை ஒருத்தியை வைத்து விளக்குகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவிக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். மழைக்காலம், டெங்கு பரவும் நேரம்.

முதலாவது கேள்வி கட்டமைப்பு. சுகாதார நிலையம் இருக்கிறதா? வைத்தியர் இருக்கிறாரா? விரிவுரை முடிந்து அவள் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா? இரத்தம் சோதிக்க வசதி உண்டா? தமிழில் பேசக் கூடியவர் இருக்கிறாரா? தனியாகப் பேச ஓர் அறை உண்டா?

இரண்டாவது கேள்வி செயன்முறை. அவளுக்கு எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று கேட்டார்களா? இரத்த அழுத்தம் பார்த்தார்களா? குருதிக் கலங்களின் எண்ணிக்கையைச் சோதிக்க அனுப்பினார்களா? வயிற்று நோவு, வாந்தி, இரத்தக் கசிவு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னார்களா? அடுத்த நாள் அவள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது பார்த்தார்களா? அல்லது பனடோல் குளிசை பத்தைக் கொடுத்து அனுப்பினார்களா?

மூன்றாவது கேள்வி விளைவு. அவள் சுகமானாளா? எத்தனை நாள் விரிவுரையை இழந்தாள்? பரீட்சைக்குத் தோற்ற முடிந்ததா? அடுத்த முறை சுகமில்லாவிட்டால் அங்கே போவாளா, மாட்டாளா?

இந்த மூன்றில் எந்த ஒன்றையும் தனியே பிடித்துக்கொண்டு தரம் என்று சொல்லக் கூடாது என்பதுதான் டொனபேடியனின் முக்கியமான எச்சரிக்கை. கட்டடம் நன்றாக இருந்தும் உள்ளே ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தும் நோயாளி இறக்கலாம். ஒன்றுமே நடக்காமல் நோயாளி தானாகச் சுகமாகலாம். நல்ல கட்டமைப்பு நல்ல செயன்முறைக்கு வழிவிடும், நல்ல செயன்முறை நல்ல விளைவின் வாய்ப்பைக் கூட்டும். இந்தத் தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் அளவைக்குப் பொருள் உண்டு.

பதிவேட்டில் விழாதவை

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது போர்க்காலத்தில். எங்கள் சுகாதார நிலையத்தில் ஓர் அறை, ஒரு மேசை, வெளியே தாழ்வாரத்தில் ஒரு வாங்கு. வாங்கில் காத்திருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் மூன்று முறை இடம்பெயர்ந்த குடும்பத்தவன். இரவில் நித்திரை இல்லை. கதவு அடிபட்டால் எழுந்து உட்காருவான். படித்தது நினைவில் நிற்கவில்லை. நாங்கள் வற்புறுத்தியதில் ஒருநாள் சுகாதார நிலையத்துக்குப் போனான். வாங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பீடத்தவர்கள். உள்ளே போய்த் தலையிடி என்று சொல்லி, குளிசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பதிவேட்டில் அன்று என்ன எழுதப்பட்டிருக்கும்? தலையிடி, ஒருவர், மருந்து வழங்கப்பட்டது. ஆண்டு முடிவில் அதுவும் ஒரு எண்ணாகி, இத்தனை மாணவர்கள் சிகிச்சை பெற்றார்கள் என்ற அறிக்கையில் சேர்ந்திருக்கும். அந்த அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கு நடந்தது எதுவும் அதில் இல்லை. இரண்டாம் ஆண்டோடு அவன் படிப்பை விட்டுவிட்டான். அது வேறொரு பதிவேட்டில் வேறொரு எண். இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் இருக்கவில்லை.

டொனபேடியனை வாசித்தபோது இதற்கு அவரிடம் சொற்கள் இருந்தன. வைத்தியக் கவனிப்பில் அவர் தொழில்நுட்பத் திறனை ஒருபுறமும் மனிதருக்கிடையிலான உறவை மறுபுறமும் வைத்தார். இரண்டாவது வெறும் மரியாதை அல்ல. நோயாளி உண்மையைச் சொல்வதும் வைத்தியர் சொல்வதை ஏற்பதும் அந்த உறவின் வழியாகத்தான் நடக்கிறது. அது இல்லாத இடத்தில் தொழில்நுட்பத் திறன் தவறான நோய்க்குச் சரியான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரகசியம் காப்பது, சுற்றுச்சூழல் சற்று வசதியாக இருப்பது எல்லாம் ஆடம்பரம் அல்ல, தரத்தின் பகுதி என்று அவர் கருதியதும் அதனால்தான். மெல்லிய பலகை மறைப்பு ஒன்று இருந்திருந்தால் என் நண்பன் வேறொன்று சொல்லியிருக்கக் கூடும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிச் சுகாதாரச் சங்கம் நாடளாவிய மாணவர் கணக்கெடுப்பொன்றைத் தொடங்கியது. வைத்தியரிடம் வந்தவர்களை மட்டும் எண்ணாமல், மாணவர்களிடமே நேரடியாகக் கேட்கும் முறை அது. நித்திரை எப்படி, மனச்சோர்வு உண்டா, எது உங்கள் படிப்பைக் கெடுத்தது என்று பெயர் குறிப்பிடாமல் பதில் எழுதலாம். வாங்கில் உட்காரத் தயங்குகிற பிள்ளையின் குரல் அப்படித்தான் எண்ணிக்கைக்குள் வரும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் இரகசியமும் போதும்.

ஏழு தூண்கள்

1980க்கும் 1985க்கும் இடையில் தரத்தை மதிப்பிடுவது பற்றி மூன்று பெரிய தொகுதிகளை டொனபேடியன் எழுதி முடித்தார். 1990இல் தரத்தின் ஏழு தூண்கள் என்று ஒரு சுருக்கமான கட்டுரை வெளியிட்டார். ஒரு சிகிச்சை மிகச் சிறந்த சூழலில் எவ்வளவு பயன் தரக் கூடியது என்பது முதலாவது. நடைமுறையில் எவ்வளவு பயன் தருகிறது என்பது இரண்டாவது. அதே பயனைக் குறைந்த செலவில் தர முடியுமா என்பது மூன்றாவது. செலவும் பயனும் எந்த இடத்தில் சமநிலை கொள்கின்றன என்பது நான்காவது. நோயாளியின் விருப்பத்துக்கும் பண்பாட்டுக்கும் ஏற்றதா என்பது ஐந்தாவது. சமூகம் அதை ஏற்கிறதா என்பது ஆறாவது. எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடப்படுகிறதா என்பது ஏழாவது.

இந்த ஏழாவதைப் படிக்கும்போது அவருடைய குடும்பக் கதையை என்னால் மறக்க முடியவில்லை. எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நல்ல சேவை கிடைத்தால் தொண்ணூறு வீதம், மிக நன்று. ஆனால் அந்தப் பத்தாவது ஆள் எப்போதும் ஒரே வகையான ஆளாக இருந்தால்? எப்போதும் முகாமிலிருந்து வந்தவளாக, எப்போதும் மொழி தெரியாதவனாக, எப்போதும் கையை அல்லது காலை இழந்தவனாக இருந்தால்? தொண்ணூறு வீதம் என்ற எண் அவர்களை மறைத்துவிடும். சமத்துவத்தைத் தரத்தின் ஒரு தூணாக நிறுத்தியதன் மூலம், சராசரிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கும் கடமையை அவர் அளப்பவர்களின் மேல் சுமத்தினார்.

கடைசிக் காலம்

டொனபேடியனுக்கு நீண்ட காலமாகப் புற்றுநோய் இருந்தது. தரத்தை அளக்க உலகத்துக்குக் கற்பித்தவர், கடைசியில் நோயாளியாகக் கட்டிலில் கிடந்து அந்த அமைப்பைக் கீழிருந்து பார்த்தார். இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன் கொடுத்த ஒரு செவ்வியில் தான் கண்ட குறைகளை ஒளிக்காமல் சொன்னார். வைத்தியம் வியாபாரமாகிப் போவது பற்றிக் கவலைப்பட்டார். அமைப்புகளும் அளவுகோல்களும் தேவைதான், ஆனால் அவை போதாது என்றார். நோயாளியின் மீதும் தொழிலின் மீதும் அன்பு இருந்தால்தான் ஒருவர் அளந்து பார்த்துத் திருத்த முன்வருவார் என்பது அவருடைய முடிவு. வாழ்நாள் முழுவதும் அளவைகளோடு இருந்த, கவிதையும் எழுதிய மனிதர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அது.

இதைச் சிலர் உணர்ச்சிப் பேச்சாக எடுத்துக்கொள்வதுண்டு. நான் அப்படி எடுக்கவில்லை. அளப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். அறிக்கையை நிரப்ப அளப்பவர் நல்ல எண்ணைத் தேடுவார். பிள்ளை மேல் அக்கறையுள்ளவர் எங்கே பிழை என்று தேடுவார். அளவுகோல் ஒன்றுதான், கையில் பிடித்திருப்பவர் வேறு.

2000 நவம்பர் 9ஆம் திகதி ஆன் ஆர்பரில் அவர் காலமானார். வயது 81. அவருடைய மாணவர்களில் ஒருவரான ஹூலியோ ஃபிரெங்க் அடுத்த மாதமே மெக்சிக்கோவின் சுகாதார அமைச்சராகப் பதவியேற்று, காப்புறுதி இல்லாத வறிய மக்களுக்கான திட்டமொன்றைக் கொண்டுவந்தார். ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் டொனபேடியனின் பெயரால் அமைந்த நிறுவனம் சுகாதார சேவைகளின் தரம் பற்றி இன்றும் வேலை செய்கிறது.

எங்களுக்கு எஞ்சும் வேலை

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, வைத்திய அதிகாரிகள் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு வைத்தியப் பரிசோதனையும் உண்டு. இலவச வைத்தியம் என்ற பெரிய வரம் எங்களுக்கு இருக்கிறது. இவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. அங்கே வேலை செய்யும் பலர் இருப்பதைக் கொண்டு முடிந்ததைச் செய்கிறார்கள். ஆனால் போர் முடிந்த பின் எங்கள் பிரதேசங்களில் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் கட்டடங்களாகவும் திறப்புவிழாக் கற்களாகவும் எண்ணப்பட்டு வந்திருக்கிறது. டொனபேடியனின் சொல்லில் அது முதலாவது கேள்விக்கான விடை மட்டுமே.

மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்பதற்கு வெளிநாட்டு நிபுணர் வரத் தேவையில்லை. மாணவர் ஒன்றியம் கேட்கலாம். விரிவுரையாளர்கள் கேட்கலாம். பெற்றோர் கேட்கலாம். கடந்த ஆண்டில் ஒரு முறையேனும் சுகாதார நிலையத்துக்குப் போகாத மாணவர்கள் எத்தனை பேர், ஏன் போகவில்லை? காய்ச்சலோடு வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி பார்க்கப்பட்டார்கள்? உளவளத்துணைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? பகிடிவதையில் காயப்பட்டவர்கள் பயமில்லாமல் வரக்கூடிய இடமா அது? மாற்றுத்திறனாளி மாணவர் சக்கர நாற்காலியோடு உள்ளே நுழைய முடிகிறதா? படிப்பை இடையில் விட்டவர்களில் சுகவீனத்தால் விட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விகளில் எதுவும் யாரையும் குற்றவாளியாக்குவதற்கு அல்ல. கொட்மனின் காலத்தில் வைத்தியர்கள் அப்படித்தான் பயந்தார்கள், அதனால்தான் அவரை விரட்டினார்கள். டொனபேடியன் கற்பித்தது வேறு. எங்கே தொடர் அறுகிறது என்று கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் கட்டலாம். சில வேளை அது நேரத்தை மாற்றுவதாக இருக்கும். மாலை நான்கு மணிக்குப் பூட்டும் கதவை ஆறு மணிவரை திறந்து வைத்தால் விரிவுரை முடிந்தவர்கள் வருவார்கள். சில வேளை தாழ்வாரத்து வாங்கை இருபது அடி தள்ளிப் போடுவதாக இருக்கும்.

எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போவது சாதாரண விடயம் அல்ல. அதற்குப் பின்னால் முகாமில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த இரவுகள் இருக்கின்றன, தனித்து நின்று பிள்ளை வளர்த்த தாய்மார் இருக்கிறார்கள், மகாபொலப் பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களை ஒரு காய்ச்சலுக்கோ நித்திரையில்லாத இரவுகளுக்கோ இழக்கக் கூடாது. போரால் இரண்டு தலைமுறை அலைந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, சுகாதார சேவை என்பது கட்டடமா, கவனிப்பா, குணமா என்று பிரித்துக் கேட்கக் கற்றுத் தந்துவிட்டுப் போனார். அந்தக் கேள்விகளோடு எங்கள் சுகாதார நிலையங்களின் கதவைத் தட்ட வேண்டியது இனி எங்கள் பொறுப்பு.